வன்னியில் பழைய ஓட்டு வீடு: கட்டியவரைக் கண்டுபிடித்து வீட்டைத் திருத்தும் முறை

இலங்கையின் வடக்கே வன்னியில் எஞ்சி நிற்கும் பழைய ஓட்டு வீடுகளில் இரண்டு வகைக் கேடு தெரியும். ஒன்று போரும் மழையும் செய்தது. மற்றது திருத்த வந்தவர்கள் செய்தது. சுண்ணாம்புச் சுவருக்கு மேல் சீமெந்துப் பூச்சு, கூரை தாங்கும் பனஞ்சிலாகை இருந்த இடத்தில் இரும்புக் குழாய், ஓடு இருந்த இடத்தில் சீற்றுத் தகடு. முதல் வகைக் கேட்டைப் பெரும்பாலும் சரிசெய்யலாம். இரண்டாவது வகை பத்து வருடத்தில் சுவரையே தின்றுவிடும். எதைக் கழற்றுவது, எதை விடுவது என்று தெரிய வேண்டுமானால் வீடு எப்போது, யாரால், எந்தக் கையிருப்பில் கட்டப்பட்டது என்று முதலில் தெரிய வேண்டும். அதனால் இந்த வேலை மேசனோடு தொடங்குவதில்லை. உறுதிப் பெட்டியோடு, அதாவது காணிப் பத்திரங்களோடு தொடங்குகிறது.

காணிக்குள் இறங்கும் முன்

மண்வெட்டி எடுக்கும் முன்னரே அந்தக் காணி மிதிவெடி அகற்றப்பட்ட பகுதியா என்று கிராம அலுவலரிடமும் பிரதேச செயலகத்திலும் கேட்டு உறுதிசெய்யுங்கள். முற்றம் துப்புரவாக்கப்பட்டிருந்தாலும் வீட்டுக்குள் சரிந்து கிடக்கும் ஓட்டுக் குவியல், தூர்ந்த கிணறு, மலசலகூடக் குழி ஆகியவற்றுக்குள் யாரும் கை வைத்திருக்க மாட்டார்கள். இரும்பாக எதையாவது கண்டால் தொடாதீர்கள், தண்ணீர் ஊற்றாதீர்கள். வந்த அடித்தடத்திலேயே திரும்பி, தூரத்தில் அடையாளம் வைத்து, பொலிசுக்கு 119 இல் சொல்லுங்கள். தூர்ந்த கிணற்றைக் கூலிக்கு ஆள் பிடித்து இறைப்பது, இந்த வேலையில் செய்யக்கூடிய மிக மோசமான சிக்கனம்.

பதுங்குகுழிகளையும் கவனிக்க வேண்டும். சுவரை ஒட்டியோ, சில வேளை அறைக்கு உள்ளேயோ வெட்டி, மேலே பனங்குற்றி அடுக்கி மண் போட்டிருப்பார்கள். குற்றி உக்கியதும் மேல்மண் இறங்கும், கூடவே அத்திவாரமும் இறங்கும். மழைக்குப் பிறகு குழிவாகத் தண்ணீர் தேங்கும் இடம் இருந்தால் சந்தேகப்படுங்கள். மேலாக மண்ணைக் கொட்டி நிரவினால் பயன் இல்லை. வெடிபொருள் இல்லை என்று உறுதியான பிறகு திறந்து, உக்கிய மரத்தை முழுவதும் எடுத்து, கிறவல் மண்ணை ஒரு தடவைக்கு 6 அங்குலமாகப் போட்டு, நனைத்து இடித்து, அடுத்த அடுக்கைப் போட வேண்டும்.

தொல்பொருள் திணைக்களம் பாதுகாக்கப்பட்டது என்று வர்த்தமானியில் அறிவித்த கட்டடமாக இருந்தால், அவர்களுடைய அனுமதி இல்லாமல் ஓர் ஓட்டைக்கூட மாற்றக்கூடாது.

உறுதியை வாசிப்பது

காணி வாங்கல் விற்றல் எல்லாம் நொத்தாரிசு முன்னிலையில் எழுதப்பட வேண்டும் என்பது இலங்கையில் 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்திலிருந்து வரும் விதி. ஆகவே தனியார் காணி என்றால் எங்கோ ஒரு தாள் இருக்கும். இடப்பெயர்வில் மூல உறுதி தொலைந்தாலும் சோர்ந்துவிடத் தேவையில்லை. நொத்தாரிசு எழுதிய உறுதியின் இரண்டாம் பிரதி காணிப் பதிவகத்துக்குப் போயிருக்கும். உறுதி இலக்கம், திகதி, நொத்தாரிசின் பெயர் ஆகிய மூன்றும் தெரிந்தால் அத்தாட்சிப்படுத்திய பிரதி கேட்கலாம். அவை தெரியாவிட்டால் காணியின் பெயரையும் கிராமத்தையும் வைத்துப் பதிவேட்டைத் தேட வேண்டும்.

எந்தப் பதிவகம் என்பதில்தான் பலர் அலைகிறார்கள். கிளிநொச்சி தனி மாவட்டமானது 1984இல். அதற்கு முன் அது யாழ்ப்பாண மாவட்டம். முல்லைத்தீவு மாவட்டம் 1970களின் இறுதியில் சுற்றியிருந்த மாவட்டங்களிலிருந்து பகுதி பகுதியாக எடுத்து உருவாக்கப்பட்டது. ஆகையால் இன்றைய மாவட்டப் பதிவகத்தில் பழைய தாள் இல்லை என்று சொன்னால் தேடல் முடிந்துவிடவில்லை. யாழ்ப்பாணம், வவுனியா, மன்னார் எது அந்தக் கிராமத்தை முன்பு ஆண்டது என்று பார்த்து அங்கே கேளுங்கள். கிராமத்தின் பழைய பற்றுப் பெயர் தெரிந்திருப்பது உதவும். கருநாவல்பற்று, முள்ளியவளை, மேல்பற்று போன்ற பிரிவுப் பெயர்களோடுதான் பழைய உறுதிகள் காணியைச் சொல்லும். வவுனியா, முல்லைத்தீவு கிராமங்கள் பற்றி ஜே. பி. லூயிஸ் 1895இல் வெளியிட்ட வன்னிக் கைநூல் இதற்குக் கையில் இருக்க வேண்டியது.

பதிவேட்டுத் தாளைக் கீழிருந்து மேலாக, அதாவது இன்றிலிருந்து பின்னோக்கி வாசியுங்கள். யார் யாருக்கு, எந்த வகை உறுதி, எத்தனையாம் இலக்கம் என்று ஒவ்வொரு வரியையும் கொப்பியில் எழுதுங்கள். தாள் நிரம்பியதும் வேறு தொகுதிக்கு மாற்றியிருப்பார்கள். அந்தக் குறிப்பு ஓரத்தில் இருக்கும். பதிவு செய்யாத உறுதியும் செல்லும் என்பதால் நடுவே ஒரு தலைமுறை காணாமல் போகலாம். அந்த இடைவெளியை அடுத்த உறுதியின் முன்னுரை நிரப்பும். ‘இன்ன இலக்க உறுதிப்படி எனக்குச் சீதனமாகக் கிடைத்த’ என்று அதில் வரும்.

சீதனம் என்ற சொல்லில் நின்று கவனியுங்கள். வட மாகாணத் தமிழருக்குத் தேசவழமை என்ற வழக்காற்றுச் சட்டம் பொருந்தும். வீடு மகளுக்குப் போகும், மகள் கணவன் பெயரோடு எழுதப்படுவாள், அடுத்த தலைமுறையில் அவளுடைய மகளுக்குப் போகும். இரண்டு கை மாறியதும் கட்டியவரின் பெயர் தாளிலிருந்து மறைந்துவிடும். அதனால் ஆண்வழியாகத் தேடினால் வழி தவறும். தாய்வழியாக, சீதன உறுதிகளைப் பிடித்துக்கொண்டு போனால் வீட்டைக் கட்டியவரிடம் போய்ச் சேரலாம்.

கட்டிய காலத்தைக் காட்டுவது உறுதியின் அட்டவணைப் பகுதி. நான்கு எல்லைகளுக்குப் பிறகு காணியில் என்னென்ன உண்டு என்று எழுதியிருக்கும். ஓர் உறுதியில் ‘காணியும் பயிர்பச்சைகளும் கிணறும்’ என்று மட்டும் இருந்து, அடுத்ததில் ‘கல்வீடு’ சேர்ந்தால், வீடு அந்த இரண்டு திகதிகளுக்கும் நடுவே எழுந்திருக்கிறது. அந்த இடைவெளியில் காணியை வைத்திருந்தவரே கட்டியவர் என்று கொள்ளலாம். நடுவே ஓர் ஈட்டு உறுதி (அடமானப் பத்திரம்) இருந்தால் அதையும் பிரதி எடுங்கள். கட்டடச் செலவுக்கு வாங்கிய கடனாக இருக்கக்கூடும். பரப்பு, ஏக்கர் குழப்பம் வந்தால் மேட்டுக் காணியில் 16 பரப்பு ஓர் ஏக்கர், ஓர் ஏக்கர் 160 பேர்ச் என்று மாற்றுங்கள். வயலுக்கு வேறு கணக்கு உண்டு, அதை நில அளவையாளரிடம் விடுங்கள்.

குடியேற்றத் திட்டக் காணியில் உறுதி இராது. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கொடுத்த பேர்மிற் என்ற அனுமதிப் பத்திரமோ அளிப்புப் பத்திரமோதான் இருக்கும், அதன் கோப்பு பிரதேச செயலகத்தில் கிடைக்கும். குளத்தடி விடுதி, புகையிரத நிலைய விடுதி போன்றவை அரசாங்கக் கட்டடங்கள். அங்கே ‘முதல் உடைமையாளர்’ என்று ஒருவர் இல்லை, முதலில் குடியிருந்த உத்தியோகத்தர்தான் உண்டு. எந்த ஆண்டில் யார் எங்கே பணியில் இருந்தார் என்பது பிரித்தானியர் கால உத்தியோகத்தர் பட்டியலான சிவில் லிஸ்டில் இருக்கும், கொழும்பில் தேசிய சுவடிகள் திணைக்களத்தில் பார்க்கலாம்.

இத்தனை தேடலும் வரலாற்று ஆசைக்காக மட்டும் என்று நினைக்க வேண்டாம். கூரை இல்லாத வீட்டுக்கு உரித்தாளர் யாரும் வரமாட்டார்கள். ஓடு ஏறிய பிறகு எல்லோரும் வருவார்கள். பங்காளிகள் யார் யார் என்று தெரிந்து, அவர்களுடைய சம்மதத்தை எழுத்தில் வாங்கிய பிறகு லொறியைக் கூப்பிடுங்கள்.

வீடே சொல்லும் சாட்சி

உறுதி சொன்ன காலத்தை வீட்டின் உடம்போடு ஒத்துப் பாருங்கள். ஓட்டைக் கழற்றும்போது அடிப்பக்கத்து முத்திரையைப் படமெடுங்கள். மங்களூரில் பாசல் மிஷன் என்ற கிறிஸ்தவ சபையின் ஓட்டுத் தொழிற்சாலை 1865இல் தொடங்கியது. முதல் உலகப் போருக்குப் பிறகு அந்தத் தொழிற்சாலைகள் கொமன்வெல்த் டிரஸ்ட் என்ற பெயருக்கு மாறின. ஆகவே பின்னைய பெயர் பொறித்த ஓடு போருக்குப் பிந்தியது. ஆனால் ஓடு நடமாடும் பொருள். ஒரு வீடு இடிந்தால் அதன் ஓடு இன்னொரு வீட்டில் ஏறும். கூரை முழுவதும் ஒரே முத்திரை என்றால் மட்டும் அதை நம்புங்கள்.

வடக்குப் புகையிரதப் பாதை காங்கேசன்துறை வரை 1905இல் திறந்த பிறகுதான் ஓடு, இரும்புத் தீராந்தி (உத்தரம்) போன்ற பாரப் பொருட்கள் வன்னியின் உள்பகுதிக்கு இலகுவாக வந்தன. அதற்கு முந்தியது என்று சொல்லும் வீட்டில் இங்கிலாந்துக் கொம்பனி முத்திரையுள்ள இரும்புத் தீராந்தி இருந்தால், அது பின்னால் செருகியதா என்று சுவரில் உடைத்து ஒட்டிய தடம் தேடுங்கள். முகப்புச் சுவரில் சாந்தால் எழுதிய ஆண்டு பல வீடுகளில் விறாந்தை சேர்த்த ஆண்டாகவே இருக்கிறது. கிணற்றுக் கட்டில் பொறித்த ஆண்டு பொதுவாக நம்பத்தகுந்தது. கோயில் உபயக் கணக்கும் தேவாலயத் திருமுழுக்குப் பதிவேடும் கட்டியவரின் பெயரை இன்னொரு பக்கத்திலிருந்து உறுதிசெய்யும்.

கூரை

ஆனி, ஆடி, ஆவணியில் கூரையைத் திறந்து, ஐப்பசி மழைக்கு முன் மூட வேண்டும். ஒரே நேரத்தில் முழுக் கூரையையும் திறக்காதீர்கள். ஒரு பக்கச் சாய்வைத் திறந்து, மூடி, பிறகு மறுபக்கம் போங்கள். இரண்டு பக்கப் பாரமும் சமமில்லாமல் நெடுநாள் நின்றால் முகட்டு வளை திரும்பும், ஆகவே ஒரு பக்கம் திறந்தால் தூண் கொடுத்து முகட்டைத் தாங்குங்கள்.

மேலே இருப்பது கல்நார் சீற்று என்றால் உடைக்காமல், அறுக்காமல், நனைத்து ஆணி கழற்றி இறக்குங்கள். தூசி நுரையீரலுக்குக் கேடு. துணி கட்டினால் போதாது, சரியான முகக்கவசம் வேண்டும். சீற்றுக்குப் போட்ட மெல்லிய மரத்தின் மேல் ஓட்டை ஏற்றாதீர்கள். ஓடு சீற்றைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு பாரம்.

மங்களூர் ஓடு சதுர மீற்றருக்குச் சுமார் 15 பிடிக்கும். 30க்கு 40 அடி வீடு, நாற்புறமும் 2 அடித் தாழ்வாரம், 30 பாகைச் சரிவு என்று வையுங்கள். தரைப்படத்தில் 34க்கு 44 அடி, அதாவது 139 சதுர மீற்றர். சரிவுக்காக 1.155ஆல் பெருக்கினால் சுமார் 160. ஓடு 2,400 வேண்டும், உடைவுக்குப் பத்திலொன்று சேர்த்து 2,650 வாங்குங்கள். முகட்டு ஓடு வேறு. பழைய ஓட்டைக் கையில் தொங்கவிட்டு விரல் முட்டியால் தட்டுங்கள். கணீரென்றால் வைத்துக்கொள்ளுங்கள், சொத்தைச் சத்தம் என்றால் வெடிப்பு உண்டு. வேறு வேறு தொழிற்சாலை ஓடுகள் ஒன்றோடொன்று பொருந்தாது, ஒழுகும். ஒரே முத்திரையை முன்பக்கச் சாய்வுக்குச் சேர்த்துவிட்டு, புதியவற்றைப் பின்பக்கம் போடுங்கள்.

ஓடு கொளுவும் குறுக்குச் சட்டமான ரீப்பையின் இடைவெளியைப் புத்தகத்தில் தேடாமல் ஓட்டிலேயே அளக்க வேண்டும். பத்து ஓட்டை நிலத்தில் கொளுவி வரிசையாக வையுங்கள். முதல் ஓட்டின் மேல் விளிம்பிலிருந்து பத்தாம் ஓட்டின் மேல் விளிம்பு வரை, நெருக்கித் தள்ளி ஓர் அளவு, இழுத்து ஓர் அளவு எடுத்து, இரண்டின் சராசரியை ஒன்பதால் பிரித்தால் வருவதே இடைவெளி. இதைத் தவறாகச் செய்தால் கடைசி வரிசை முகட்டில் அரை ஓடாக நிற்கும், அந்த அரை ஓடு எப்போதும் ஒழுகும்.

வெளிநாட்டிலிருந்து காசு அனுப்பும் பிள்ளைகள் அங்கே தாங்கள் பார்த்த கிராஃப்ட்ஸ்மன் என்ற அமெரிக்கப் பாணிப் பங்களாவின் படத்தையும் சேர்த்து அனுப்புவது இப்போது வழக்கமாகிவிட்டது. அகன்ற தாழ்வாரம், வெளியே தெரியும் சிலாகை நுனி, தடித்த தூண் வைத்த முன்விறாந்தை. இவை நம் பழைய வீட்டிலும் உண்டு, அதனால் ஆசை வருவது இயல்பு. கலிபோர்னியாவின் பசடீனாவில் 1908இல் டேவிட் கேம்பிள் என்ற சவர்க்காரத் தொழிற்சாலைக் குடும்பத்தவருக்காகக் கிரீன் சகோதரர் வடிவமைத்த வீடு அந்தப் பாணிக்குப் பேர்போனது. ஆனால் அந்தப் பாணியின் தாழ்ந்த சரிவு மரச் சில்லுக் கூரைக்கு ஏற்றது. மங்களூர் ஓட்டை 30 பாகைக்குக் குறைத்துப் போட்டால் வாடைக்காற்று மழைநீரை ஓட்டின் இடுக்கால் மேல்நோக்கித் தள்ளும். தாழ்வாரத்தை அகலப்படுத்துங்கள், சரிவைத் தொடாதீர்கள்.

பனஞ்சிலாகை

வைரம் பாய்ந்த பனை கறையானுக்கு இலகுவில் விட்டுக்கொடுக்காது. ஆனால் உட்பக்கத்து மென்மையான சோற்றைக் கறையான் தின்று வெளிக் கறுப்பை மட்டும் ஓடாக விட்டுவைக்கும். கீழே நின்று பார்த்தால் சிலாகை முழுதாகத் தெரியும். ஆகவே ஒவ்வொன்றையும் சுத்தியால் தட்டி, சந்தேகமான இடத்தில் சோற்றுப் பக்கமாகக் கூரான இரும்பால் குத்திப் பாருங்கள். சுவருக்குள் புதைந்த நுனி, தாழ்வார நுனி, இரண்டு சாய்வு சந்திக்கும் ஓடைக்குக் கீழ் ஆகிய மூன்று இடங்களிலும்தான் முதலில் உக்கும்.

நுனி மட்டும் உக்கியிருந்தால் முழுச் சிலாகையையும் எறியத் தேவையில்லை. நல்ல மரம் வரும் வரை அறுத்து, பக்கத்தில் அதே உயரமுள்ள இன்னொரு துண்டை வைத்து, நல்ல பகுதியில் குறைந்தது 3 அடி ஒட்டுமாறு மூன்று போல்ட்டால் இறுக்குங்கள். பனைக்கு ஆணியை நேரே அடித்தால் நார்வாக்கில் பிளக்கும், முதலில் துளையிட வேண்டும். சுவருக்குள் போகும் நுனியைச் சாந்தால் இறுக மூடாமல் சுற்றிவர விரலளவு காற்று இடைவெளி விடுங்கள். புதிய பனை தறிப்பதற்கும், முதிரை, பாலை மரம் ஏற்றி வருவதற்கும் அனுமதி வேண்டும். அதை முடிக்காமல் தச்சனுக்கு முற்பணம் கொடுக்காதீர்கள்.

சுவர்

முதலில் வெடிப்பு. ஷெல் அதிர்ச்சியில் வெடித்துப் பின் அசையாமல் நிற்கும் சுவரும் உண்டு, இன்னும் இறங்கிக்கொண்டிருக்கும் சுவரும் உண்டு. வெடிப்புக்குக் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டைச் சாந்தால் ஒட்டி, திகதி எழுதி, ஒரு மழைக்காலம் விடுங்கள். கண்ணாடி உடைந்தால் அத்திவாரத்தைப் பார்க்காமல் பூசுவது வீண். தூக்குக் குண்டு பிடித்து 10 அடி உயரத்துக்கு ஓர் அங்குலத்துக்கு மேல் சாய்வு கண்டால் பொறியியலாளரைக் கூப்பிடுங்கள்.

பழைய சுவர் சுண்ணாம்புச் சாந்தில் கட்டியது. அதற்கு அத்திவாரத்தில் ஈரத் தடுப்பு இல்லை. நிலத்து ஈரம் ஏறும், பூச்சு வழியாக வெளியேறும். சீமெந்துப் பூச்சு அந்த வழியை அடைக்கிறது. ஈரம் இன்னும் மேலே ஏறுகிறது, கூடவே வரும் உப்பு பூச்சுக்குப் பின்னால் பூத்துச் சுவரைப் பொடியாக்குகிறது. கட்டி முடித்த முதல் இரண்டு வருடம் அழகாக இருப்பதால்தான் மேசன்மார் இதை இன்னும் செய்கிறார்கள். சீமெந்துப் பூச்சு இருந்தால் தட்டிப் பாருங்கள். உள்ளே கொடகொடவென்று கேட்கும் இடங்களை உளியால் மெதுவாக எடுங்கள். இறுகப் பிடித்திருக்கும் இடத்தை உடைத்தால் செங்கல்லும் சேர்ந்து வரும், அதை விட்டுவிடுவது நல்லது. பிறகு சுவரை ஒரு கோடை முழுவதும் காயவிடுங்கள். சுவரடியில் உயர்ந்துவிட்ட மண்ணைக் குறைந்தது 6 அங்குலம் இறக்கி, தண்ணீர் வெளியே ஓடும் சரிவு கொடுங்கள். கறையான் ஏறும் வழியும் அப்போது கண்ணுக்குத் தெரியும்.

சுண்ணாம்பை மழைக்காலம் முடிந்த கையோடு நீற்றி வையுங்கள். தண்ணீருக்குள் சுட்ட சுண்ணாம்பைச் சிறிது சிறிதாகப் போட வேண்டும். சுண்ணாம்பின் மேல் தண்ணீரை ஊற்றினால் கொதித்துச் சீறும், கண் போகும். கண்ணாடியும் நீளக் கையுறையும் இல்லாமல் யாரையும் கிட்ட விடாதீர்கள். ஆறியதும் வலையால் வடித்து, மேலே தண்ணீர் நிற்கும்படி குறைந்தது ஒரு மாதம், முடிந்தால் மூன்று மாதம் ஊறவிடுங்கள். நீறாத கட்டி ஒன்று பூச்சுக்குள் போனால் பிறகு நீறி, பருத்து, அந்த இடத்தைக் கொப்பளமாகத் தள்ளும். பையில் வரும் தூள் சுண்ணாம்பையும் குறைந்தது ஒரு நாள் ஊறவைத்தே பாவியுங்கள்.

மணல் ஆற்று மணலாக, கூராக இருக்க வேண்டும். கடற்கரை மணல் கூடாது, அதன் உப்பு சுவரில் பூக்கும். போத்தலில் பாதி மணலும் தண்ணீரும் போட்டுக் குலுக்கி ஓர் இரவு விட்டால், மேலே படியும் வண்டல் மணலின் இருபதில் ஒரு பங்குக்கு மேல் இருந்தால் கழுவ வேண்டும். மணல் ஏற்ற புவிச்சரிதவியல் அளவை சுரங்கப் பணியகத்தின் அனுமதி உள்ள லொறிக்காரரிடமே வாங்குங்கள்.

கலவை ஒரு பங்கு ஊறிய சுண்ணாம்பு, மூன்று பங்கு மணல். தண்ணீரை மேலும் ஊற்ற வேண்டாம், மிதித்தும் இடித்தும் குழைத்தால் சுண்ணாம்பின் ஈரமே போதும். 10 சதுர மீற்றர் சுவருக்கு 12 மில்லிமீற்றர் தடிப்பில், சேதாரமும் சேர்த்து, மணல் 0.14 கன மீற்றர், சுண்ணாம்பு 45 முதல் 50 லீற்றர். ஒரு கியூப் (100 கன அடி) மணல் சுமார் 200 சதுர மீற்றருக்கு வரும். பனங்கட்டித் தண்ணீர், கடுக்காய்த் தண்ணீர் சேர்க்கும் பழைய வழக்கம் உண்டு. சேர்ப்பதானால் சிறிதளவு, அதுவும் பின்சுவரில் ஒரு முழம் பூசிப் பார்த்த பிறகு. அதிகமானால் பூச்சு இறுகாது, எறும்பு வரும்.

முதல் நாள் மாலையிலேயே சுவரை நன்றாக நனையுங்கள், காலையில் திரும்பவும். வரண்ட சுவர் சாந்தின் ஈரத்தை உறிஞ்சினால் பூச்சு பலகை போலக் கழன்றுவிடும். ஒரு தடவைக்கு 12 மில்லிமீற்றருக்கு மேல் போடாதீர்கள். நகம் அழுத்தினால் பதியாத நிலை வரும் வரை, பொதுவாக ஒன்று இரண்டு வாரம், அடுத்த பூச்சுக்குக் காத்திருங்கள். முதல் இரண்டு நாளில் மயிர் வெடிப்பு விழும். பயப்பட வேண்டாம், சிறிது நீர் தெளித்து மரத் தேய்ப்பானால் அழுத்தினால் மூடிக்கொள்ளும். சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமிலவாயுவை எடுத்து இறுகுவது, அதற்கு மெல்லிய ஈரம் வேண்டும். சோளகக் காற்று அடிக்கும் நாட்களில் ஒரே பகலில் காய்ந்து பொடியாகிவிடும். நனைத்த சாக்கைச் சுவருக்கு முன்னால், தொடாமல், தொங்கவிட்டு ஒரு வாரமாவது காலை மாலை தெளியுங்கள்.

ஷெல் துண்டு கிழித்த தழும்புகளை மூடுவதா விடுவதா என்பது வீட்டுக்காரரின் விருப்பம். விடுவதானால் வெளி ஓரங்களில் மட்டும் சாந்து வைத்துத் தண்ணீர் உள்ளே போகாமல் பாருங்கள்.

மேலே வெள்ளையடிப்பது பிளாஸ்டிக் பெயின்ற்றால் கூடாது, அதுவும் சீமெந்தைப் போல அடைக்கும். ஊறிய சுண்ணாம்பைப் பால் பதத்துக்குக் கரைத்து, வடித்து, நனைத்த சுவரில் மெல்லியதாக நான்கைந்து தடவை, ஒவ்வொன்றுக்கும் நடுவே ஒரு நாள் விட்டுப் பூசுங்கள். தடித்து ஒரே தடவையில் பூசினால் உரியும்.

முதல் பெருமழையில் ஒருவர் குடையோடு வெளியே, ஒருவர் ரோச் லைற்றோடு கூரைக்குக் கீழே நிற்க வேண்டும். ஒழுகும் ஓட்டை உள்ளிருந்து சுண்ணக்கட்டியால் குறித்து, மழை விட்ட மறுநாள் மாற்றுங்கள். சுவரடியில் தண்ணீர் தேங்கும் இடம் எது என்பதையும் அன்றே குறித்துக்கொள்ளுங்கள், தை மாதத்தில் நிலம் காய்ந்ததும் அந்த இடத்தில் வாய்க்கால் வெட்டலாம்.